நாற்பதாம் சேனலில் நல்லர்போர்

புறப்படும் முன், அடிலெய்டு

இரவு மணி பதினொன்று. காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டியவன் கராஜ் தரையில் உட்கார்ந்து வயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அடிலெய்டிலிருந்து வடக்கே போர்ட் அகஸ்டா. அங்கிருந்து மேற்கே திரும்பி, ஐர் நெடுஞ்சாலையில் நார்ஸ்மன் வரை. பிறகு பெர்த். மொத்தம் சுமார் 2,700 கிலோமீட்டர், நடுவில் நல்லர்போர் சமவெளி. ஆகஸ்ட் மாதம், இங்கே குளிர்காலத்தின் கடைசி. என் வண்டி 411 சிசி ஹிமாலயன். கூட வருபவர் மெல்பர்னிலிருந்து பழைய பி.எம்.டபிள்யூவில் வந்திறங்கியிருக்கும் யாழ்ப்பாணத்துக்காரர். தொலைத்தொடர்புத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் ஊர் வழக்கப்படி நான் அவரை 'அண்ணை' என்பேன். அவர் என்னைத் 'தம்பி' என்று கூப்பிட்டு, 'நீர்' போட்டுப் பேசுவார். மதுரைக்காரனான எனக்கு 'நீர்' என்றாலே ராஜபார்ட் நாடகம்தான் ஞாபகம் வரும். இப்போது பழகிவிட்டது.

"ஹெல்மெட்டில்தான் புளூடூத் இருக்கே, இந்த வாக்கிடாக்கி எதுக்கு?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். புளூடூத்தில் நானும் அண்ணையும் பேசிக்கொள்ளலாம். பின்னால் வரும் 36.5 மீட்டர் நீள லாரிக்காரர் எங்கள் புளூடூத்தில் இல்லையே! அவரிடம் இருப்பது சி.பி. (சிட்டிசன்ஸ் பேண்ட்) ரேடியோ, பொதுமக்கள் யாரும் பேசலாம் என்று விட்ட அலைவரிசை. நம்ம ஊரில் லாரிக்கு ஹார்ன்தான் ரேடியோ. இங்கே ஹார்ன் அடித்தால் கோபம் என்று பொருள்.

சி.பி. என்றதும் பலருக்கு அமெரிக்க லாரிகளின் 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ நினைவுக்கு வரும். ஆஸ்திரேலியாவில் 1977-இல் சி.பி.யைச் சட்டப்பூர்வமாக்கியபோது அதையும் கொடுத்தார்கள், கூடவே 477 மெகாஹெர்ட்ஸ் பக்கம் யு.எச்.எஃப். வரிசை ஒன்றையும் கொடுத்தார்கள். சாலையில் நிலைத்தது பின்னதுதான். முதலில் 40 சேனல், 2011 முதல் 80. தனி உரிமம் வேண்டாம், கட்டணம் இல்லை, சக்தி அதிகபட்சம் 5 வாட். 40-ஆம் சேனல் நெடுஞ்சாலைக்கு. 18 கேரவன்காரர்களுக்கு. 5-உம் 35-உம் அவசரத்துக்கு மட்டும். அதில் வெட்டிப் பேச்சுப் பேசினால் அபராதம்.

காரில் இதைப் பொருத்துவது சுலபம். பைக்கில்தான் தலைவலி. காரின் உலோகக் கூரை ஆன்டெனாவுக்குத் தளமாக உதவும். பைக்கில் கூரைக்கு எங்கே போவது? அதனால் தரைத்தளம் தேவைப்படாத வகை ஆன்டெனா ஒன்றைப் பின்பக்கப் பெட்டி ஓரத்தில் நிறுத்தினேன். 5 வாட் கையடக்க ரேடியோ டேங்க் பையில். ஹெல்மெட்டுக்குள் ஸ்பீக்கரும் மைக்கும். பேசும்போது அழுத்துகிற பொத்தான் இடது கைப்பிடியில், வெல்க்ரோ பட்டையில். மைக்குக்குப் பஞ்சு உறை போடாவிட்டால் நூறு கிலோமீட்டர் வேகத்தில் என் குரல் போகாது, காற்றுதான் போகும்.

எவ்வளவு தூரம் எட்டும் என்பதில் எங்களுக்குள் பந்தயம். அண்ணையிடம் ஒரு கணக்கு இருக்கிறது. இரண்டு ஆன்டெனாக்களின் உயரத்தையும் மீட்டரில் எடுத்து, தனித்தனியே வர்க்கமூலம் கண்டு, கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். எங்கள் ஆன்டெனா நுனி தரையிலிருந்து ஒன்றரை மீட்டர். கணக்குப்படி 10.

"தம்பி, பூமி உருண்டை. அவ்வளவுதான் பிரச்சினை. மற்றபடி 5 வாட் தாராளம்."

நான் ஆறுக்கு மேல் தாண்டாது என்றேன். தோற்றால் நான் அவர் வீட்டுக்குப் போய்க் கறிதோசை போட வேண்டும். அவர் தோற்றால் எங்கள் வீட்டில் ஒடியல் கூழ் (காயவைத்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சுவது).

நாள் 1: அடிலெய்டு – கிம்பா

முதல் நாளே திட்டு வாங்கியாயிற்று.

போர்ட் அகஸ்டா வரை 300 சொச்சம் கிலோமீட்டர். நகரம் தாண்டியதும் 40-ஆம் சேனலைப் போட்டோம். காது கொள்ளாத பேச்சு. எந்த எடை மேடை திறந்திருக்கிறது, யார் இடது பாதையில் தூங்குகிறார், எந்தக் கடையில் மீட் பை (மாவுக்குள் இறைச்சி அடைத்துச் சுட்ட பண்டம்) நன்றாக இருந்தது. பாதி வசவு. என் மகன் காதில் விழ வேண்டாம் என்று நான் நினைக்கிற ஆஸ்திரேலிய ஆங்கிலம் முழுவதும் அரை மணியில் கேட்டேன்.

இந்தக் கச்சேரிக்கு நடுவே அண்ணை, "தம்பி, எங்கயாவது தேத்தண்ணிக்கு நிப்பாட்டுவமே?" என்று ஆரம்பித்தார். நான் பதில் சொல்ல, அவர் காலையில் சாப்பிட்ட புட்டைப் பற்றிச் சொல்ல, பேச்சு வளர்ந்தது. நடுவில் ஒரு கனத்த குரல் புகுந்தது. அது சொன்னதை மரியாதையாகத் தமிழில் தருகிறேன்: "பையன்களா, குடும்பக் கதைக்கு வேறு சேனல் பாருங்கள். இங்கே வேலை நடக்கிறது." சரி என்று 12-க்கு மாறினோம். ரேடியோவில் இரட்டைக் காவல் வசதி உண்டு; 12-இல் பேசினாலும் 40-இல் யாராவது வாய் திறந்தால் அது காதுக்கு வரும். அதைப் போட்டுவிட்டோம். பேசுகிறவனை விடக் கேட்கிறவனுக்குத்தான் இந்தப் பெட்டி என்று அண்ணை ஏற்கெனவே சொல்லியிருந்தார். சொன்னவரே புட்டில் மறந்துவிட்டார்.

லாரிக்காரர்கள் "யூ காட் எ காப்பி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 'நான் பேசுவது கேட்கிறதா' என்று அர்த்தம். தெரிந்திருந்தும், குளிரில் காய்ந்துபோய் வண்டி ஓட்டுகிறவன் காதில் அது டபராவோடுதான் விழுந்தது. அண்ணையிடம் சொன்னேன். "எங்கட ஊரில அது கோப்பி. எனக்கு அந்தக் குழப்பம் இல்லை" என்றார்.

போர்ட் அகஸ்டாவில் மேற்கே திரும்பியதும் ரேடியோ பேச்சு பத்தில் ஒன்றாகக் குறைந்தது. கிம்பாவில் தங்கல். எட்டு மீட்டர் உயர கலா கிளிச் சிலையும், 'ஆஸ்திரேலியாவின் பாதி வழி' என்ற பலகையும், ஓவியம் தீட்டிய தானியக் கிடங்கும் இருக்கின்றன. மூன்றையும் பார்க்கப் பதினைந்து நிமிடம் போதும்.

நாள் 2: கிம்பா – செடூனா

310 கிலோமீட்டர். கோதுமை வயல், புதர், மறுபடி கோதுமை வயல். எழுத ஒன்றுமில்லை. செடூனாவில் சிப்பி சாப்பிட்டோம். அண்ணை மிளகுத்தூள் பொட்டலம் கொண்டுவந்திருந்தார்.

முதல் தூரச் சோதனை: மல்லி மரப் புதர்களுக்கு நடுவே 4.6 கிலோமீட்டரில் குரல் அறுந்தது. (மல்லி என்றால் கொத்தமல்லி இல்லை, குட்டை யூகலிப்டஸ்.) இலைகள் 477 மெகாஹெர்ட்ஸை நன்றாகக் குடிக்கும் என்று அண்ணை சமாதானம் சொன்னார். "வெளி வரட்டும், காட்டுறன்."

நாள் 3: செடூனா – நல்லர்போர் ரோட்ஹவுஸ்

இன்று நடந்ததை எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். அண்ணை எழுதாவிட்டால் தானே எல்லோருக்கும் சொல்லப்போவதாக மிரட்டியதால் எழுதுகிறேன்.

பெனாங் காற்றாலைகளைப் பார்த்துவிட்டு, நன்ட்ரூவில் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினோம். அங்கே ஒரு லாரிக்காரரிடம் 40-இல் ஏதோ கேட்டுவிட்டு, சேனலை மாற்ற மறந்துவிட்டேன். குளிருக்குத் தடித்த கையுறை. வெல்க்ரோ பட்டை கொஞ்சம் நழுவி, பேசும் பொத்தான் கைப்பிடிக்கும் கையுறைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. பொத்தான் அழுந்திய நிலையில் ரேடியோ ஒலிபரப்பிக்கொண்டே இருக்கும். அந்த நேரத்தில் வேறு எவர் பேசுவதும் எனக்குக் கேட்காது. ஆக, சேனலை அடைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஊரே கத்தினாலும் எனக்கு மட்டும் தெரியாது.

தெரியாததால் பாடிக்கொண்டிருந்தேன்.

யாருமில்லாத சாலை. முன்னால் அண்ணையின் பின்விளக்குப் புள்ளி. பழைய பாட்டு, சரணம், இசை இடைவெளி, அதற்கும் வாயாலேயே வயலின். மூன்று நிமிடம் தொடர்ந்து அழுத்தினால் தானே அணைந்துகொள்ளும் வசதி என் ரேடியோவில் உண்டு. ஆனால் மேடு பள்ளத்தில் கை அசையும்போது பொத்தான் விடுபட்டு மறுபடி அழுந்தியிருக்கிறது. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை புதிய நிகழ்ச்சி.

முன்னால் போன அண்ணை வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, இரண்டு கையையும் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு நின்றார். பதறிப்போய் நிறுத்தினேன். "கையை எடும்! கையை எடும்!" என்றார். எடுத்தேன். அந்த நொடியில் ஸ்பீக்கரில் கொட்டியதை மரியாதையாகக் கூடத் தமிழில் தர முடியாது. ஒருவர் மட்டும், வயதான குரல், நிதானமாகக் கேட்டார்: "இதற்கு இரண்டாம் பாகம் இருக்கிறதா, நண்பரே?"

மன்னிப்புக் கேட்டேன். வெல்க்ரோவுக்கு மேல் இரண்டு சுற்று டேப் ஒட்டினேன். யாருக்காவது நிஜமாகவே அவசரம் இருந்து, என் வயலினால் அவர் குரல் அமுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு பிறகுதான் வந்தது. அது வந்தபின் பாடவில்லை.

மத்தியானம் ஹெட் ஆஃப் பைட். தென் பெருங்கடலிலிருந்து சதர்ன் ரைட் வகைத் திமிங்கிலங்கள் ஜூன் முதல் அக்டோபர் வரை குட்டி போட வருகிற இடம். மரப் பலகை நடைபாதையிலிருந்து கீழே பார்த்தால் கரும்பாறை போலத் தாயும், அதன் மேல் ஏறி உருளும் குட்டியும். ஒன்றரை மணி நேரம் நின்றோம். அண்ணை ஒரு வார்த்தை பேசவில்லை.

நாள் 4: நல்லர்போர் ரோட்ஹவுஸ் – யூக்லா

'நல்லர்போர்' என்பது லத்தீன் ஒட்டுச் சொல்: மரமில்லை என்று பொருள். சமவெளியின் பரப்பு சுமார் 2 லட்சம் சதுர கிலோமீட்டர், ஆனால் நெடுஞ்சாலை அதன் தென்விளிம்பில்தான் போகிறது. மரமே இல்லாத துண்டு, பெட்ரோலும் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கிற இந்த ரோட்ஹவுஸைச் சுற்றிக் கொஞ்ச தூரம்தான். அந்தக் கொஞ்ச தூரத்தில் எங்கே பார்த்தாலும் உயரமான பொருள் நீங்கள்தான். சிறுநீர் கழிக்க இறங்கியவனுக்குத்தான் அதன் முழு அர்த்தம் புரியும்.

எல்லை வரை 180 சொச்சம் கிலோமீட்டர். இடதுபக்கம் அங்கங்கே பிரியும் மண் தடத்தில் போனால் நிலம் முடிந்துவிடும். 60 முதல் 120 மீட்டர் ஆழத்தில் கடல் அடிக்கும். பண்டா பாறைச் சுவர். வேலி கிடையாது.

கைப்பேசி காலை முதல் செத்துக் கிடக்கிறது. ரோட்ஹவுஸ்களைச் சுற்றித்தான் கொஞ்சம் சிக்னல். அதனால் 40-இல் வரும் ஒவ்வொரு குரலுக்கும் மதிப்பு கூடிவிட்டது. எதிரே வந்த ஒருவர் முன்னால் சாலையோரம் ஒட்டகங்கள் நிற்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். இருபது நிமிடம் கழித்து, சொன்ன இடத்தில், சொன்ன பக்கத்தில், மூன்று ஒட்டகங்கள். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. நன்றி என்று சொன்னபோது தூரம் தாண்டியிருப்பார். நாங்கள் பார்த்ததை எதிரே வருபவருக்குச் சொன்னோம். அப்படியே செய்தி கைமாறிப் போய்க்கொண்டிருந்தது.

மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் பழம், காய்கறி, தேன் எதையும் உள்ளே விடமாட்டார்கள், பயிர்ப் பூச்சிக்குப் பயந்து. சோதனைச் சாவடிக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி அண்ணை நான்கு ஆப்பிளை ஒரே மூச்சில் சாப்பிட்டார். பச்சை மிளகாய்ப் பொட்டலத்தை என்ன செய்வதென்று என்னைப் பார்த்தார். அதைக் குப்பைத் தொட்டியில் போடும்போது முகம் வாடியது. என் இட்லிப் பொடி தப்பித்தது.

எல்லை தாண்டினால் கடிகாரம் 45 நிமிடம் பின்னால் போகிறது. ஒரு மணி நேரமும் இல்லை, அரை மணியும் இல்லை, முக்கால். யூக்லா பக்கத்து நான்கைந்து ரோட்ஹவுஸ்களுக்காக ஒரு தனி நேர மண்டலம். இன்னும் மேற்கே போனால் மறுபடி 45 நிமிடம் கழியும்.

யூக்லாவில் பழைய தந்தி நிலையத்தின் இடிபாடு மணலில் பாதி புதைந்து நிற்கிறது. 1877-இல் திறந்தது. அதற்கு ஏன் இங்கே ஒரு நிலையம் வேண்டியிருந்தது என்பதுதான் விசேஷம். தெற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் தட்டியது அமெரிக்க மோர்ஸ், மேற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள் தட்டியது சர்வதேச மோர்ஸ். ஒரு பக்கத்திலிருந்து வரும் தந்தியைப் படித்து, மறுபக்கத்து மொழியில் திரும்பத் தட்ட வேண்டும். அதற்காகவே இந்த அத்துவானத்தில் ஆட்கள் குடும்பத்தோடு குடியிருந்திருக்கிறார்கள். பிற்பாடு முயல் பெருகி, மணல்மேட்டைப் பிடித்து வைத்திருந்த செடிகளைத் தின்றுவிட, மணல் நகர்ந்து ஊரை மூடியது.

அண்ணை மணலில் நெடுநேரம் நின்றிருந்தார். "நானும் நீரும் கதைக்கிறதும் இதுதானே தம்பி. ரெண்டு பக்கமும் தமிழ், நடுவில ஒரு ஆள் வேணும்."

நாள் 5: யூக்லா – கைகுனா

340 கிலோமீட்டர், முழுக்கக் காற்று.

யூக்லாவில் மேட்டிலிருந்து இறங்கினால் ரோ சமவெளி. இடப்பக்கம் கடல், கண்ணுக்குத் தெரியாத தூரத்தில். வலப்பக்கமிருந்து வரும் காற்றுக்கு வண்டியைச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. நேர்சாலையில் வளைவில் போவது போல. வேகம் 90-க்கு மேல் போகவில்லை. லாரிகளுக்கு நூறு வேண்டும். ரேடியோ இல்லாமல் இதே சாலையில் வந்த நண்பர்கள் சொல்வார்கள்: திடீரென்று கண்ணாடி முழுக்க லாரி முகம் நிறையும், அப்புறம் காற்று நிற்கும், அப்புறம் அறையும். எங்களுக்கு அதே அறைதான், முன்னறிவிப்போடு. "முன்னால் போகிற இரண்டு பைக், பின்னால் வருகிறேன், வலப்பக்கம் எடுக்கிறேன், உங்களுக்கு வசதியா?" "வாங்க, எதிரே காலி." லாரி பக்கத்தில் வரும்போது அது காற்றை மறைத்துவிடும், சாய்ந்திருக்கும் வண்டியை நிமிர்த்த வேண்டும், வால் தாண்டியதும் மறுபடி சாய்க்க வேண்டும். ஓட்டுநர் 'எடுக்கிறேன்' என்றதும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுவேன். எதிரே காலி என்று சொல்வதில் மட்டும் ஒரு பயம் உண்டு. நிச்சயமாகத் தெரியாவிட்டால் சொல்லக் கூடாது. இரண்டு தடவை "தெரியவில்லை" என்றேன். இருவரும் அதற்கும் நன்றி சொன்னார்கள்.

மடுரா கணவாயில் சாலை மறுபடி மேட்டில் ஏறுகிறது. உச்சியில் நிறுத்திக் கீழே பார்த்தோம். காலையில் கடந்த சமவெளி பாய் விரித்தது போலக் கிடந்தது. ரேடியோவில் ஒரே கூட்டம்! கீழே ஒரு குரல் கூடக் கேட்காத நேரத்தில் இங்கே ஐந்தாறு பேர். அண்ணைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மேட்டின் உயரம் 80 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அவர் கணக்குப்படி 42 கிலோமீட்டர் எட்டும். "பாத்தீரே, உயரம்தான் எல்லாம். வாட் இல்லை."

காக்கிள்பிடி தாண்டி, 12-இல் எங்கள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தோம். இந்தியில் ஒரு குரல் நடுவில் வந்தது. "பாய்சாப், அரை மணியாகக் கேட்கிறேன். இது எந்த மொழி?"

பஞ்சாபிக்காரர். இந்தச் சாலையில் லாரி ஓட்டுபவர்களில் பஞ்சாபிகள் நிறைய. தூக்கம் வராமல் இருக்க எல்லாச் சேனலையும் தேடவிட்டு, எங்கே மனிதக் குரல் கேட்டாலும் அங்கே நின்றுவிடுவாராம். தமிழ் என்றேன். "சென்னையா?" மதுரை என்றேன். "அந்த இன்னொருவர்?" யாழ்ப்பாணம். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆனால் இரண்டு பேரும் வேறு வேறு மாதிரிப் பேசுகிறீர்களே?" ஒரு வார்த்தை புரியாமல், தாளத்தை மட்டும் கேட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்! நாங்கள் எதைப் பற்றி அவ்வளவு ஆவேசமாகப் பேசினோம் என்று கேட்டார். கூழில் நண்டு போடலாமா கூடாதா என்பதைத்தான். சொன்னேன். அவர் சிரிப்பு ஸ்பீக்கரைக் கிழித்தது. பத்து நிமிடத்தில் எங்களைத் தாண்டிப் போனார், எல்லா விளக்கையும் ஒருமுறை அணைத்து எரியவிட்டபடி. ஓட்டுநர் இருக்கை உயரத்தில் ஒரு கை தெரிந்தது. அவ்வளவுதான் பார்த்தது.

வழியில் சாலையே ஓடுதளமாகிற இடம் வந்தது. தாரில் வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் விமானம் திரும்ப அகலம். பறக்கும் மருத்துவர் சேவை விமானம் இறங்குவதற்காக. அந்தச் சேவை 1928-இல் தொடங்கியபோது, கூப்பிடத்தான் வழியில்லை. மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளில் ரேடியோவுக்கு எதைக் கொடுப்பது? எங்கள் அடிலெய்டில் இருந்த ஆல்ஃபிரட் டிரேகர் என்ற பொறியாளர் சைக்கிள் பெடல் போல மிதித்து மின்சாரம் எடுக்கும் ரேடியோவைச் செய்தார். 1929-இல் அது வேலை செய்ய ஆரம்பித்தது. கால் மிதிக்க, கை மோர்ஸ் தட்ட வேண்டும். தையல் மிஷின் ஓட்டத் தெரிந்த நம் அம்மாக்கள் உடனே கற்றிருப்பார்கள்.

நாள் 6: கைகுனா – நார்ஸ்மன்

கைகுனாவிலிருந்து பலடோனியா பக்கம் வரை 146.6 கிலோமீட்டர் ஒரே நேர்கோடு. தொண்ணூறு மைல் நேர்சாலை என்று பலகையே இருக்கிறது.

பந்தயத்தின் கடைசி ஆட்டம் இங்கேதான். அண்ணை பலகைக்குக் கீழே வண்டியோடு நிற்க, நான் ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கிப் புறப்பட்டேன். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவர் "கேக்குதோ?" என்பார், நான் "கேட்குது" என்பேன். ஆறு தாண்டியது. தோசைக்கல் கண் முன் வந்தது. 7-இல் இரைச்சல். 7.4-இல் ஒன்றுமில்லை. ஸ்குவெல்ச்சை முழுக்கத் திறந்து வைத்தேன். இரைச்சல் அடைப்பானைத் திறந்துவிட்டால் மழை போலச் சத்தம் வரும், அதற்குள் மெலிந்த குரலும் தப்பி வரும். நேர்சாலை என்றாலும் தட்டை இல்லை, மெல்ல ஏறி இறங்குகிறது. ஒரு சிறு ஏற்றத்தின் தலையில், 9.2-இல், மழைச் சத்தத்துக்குள் "...ம்பி" என்று வந்தது. அதோடு சரி.

ஆறு என்ற என் கட்சி தோற்றது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் பத்து என்றவர். வந்து சேர்ந்ததும், "எனக்கு உம்மட குரல் பத்து மட்டும் கேட்டது" என்றார். 9.2-க்குப் பிறகு நான் பேசவே இல்லை என்றேன். "அப்ப மூச்சுவிட்டிருப்பீர்."

இந்த வழக்கு நடக்கும்போதே 40-இல் ஒரு பெண் குரல். மேற்கிலிருந்து வரும் துணை வண்டியின் ஓட்டுநர். பின்னால் எட்டு மீட்டர் அகலச் சுமை, சுரங்கத்து ராட்சத லாரியின் தொட்டி. இரண்டு பக்கத் தாரும் அவர்களுக்கு வேண்டும், எல்லோரும் சாலையை விட்டு இறங்கி நிற்கவும். நாங்கள் சரளையில் இறங்கி நின்று, "இரண்டு பைக், வெளியே நிற்கிறோம்" என்றோம். நன்றி சொல்லிவிட்டு, எங்களைச் சற்று முன்பு தாண்டிப் போன வெள்ளைக் கேரவனைக் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு தடவை. இரண்டு தடவை. பதிலில்லை. குரலில் சூடு ஏறியது.

கேரவன் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் 'சேனல் 18' என்று ஒட்டியிருந்ததை நான் பார்த்திருந்தேன். பொத்தானைத் திருகி 18-க்குப் போனேன். உள்ளே ஒரு தாத்தாவும் இன்னொரு கேரவன் பாட்டியும் பூசணி சூப்பில் இஞ்சி சேர்ப்பது பற்றி உரையாடல். இடம் கிடைத்ததும் புகுந்தேன். "மன்னியுங்கள், வெள்ளைக் கேரவன், மேற்கே போகிறவர், 40-க்கு வாருங்கள், எதிரே எட்டு மீட்டர்." இரண்டு நொடி. "அடக் கடவுளே" என்றார். தூரத்தில் கேரவனின் நிறுத்து விளக்கு எரிந்து, புழுதி எழும்பியது. சில நிமிடங்களில் அந்தத் தொட்டி எங்களைக் கடந்தது. ஒரு வீட்டை யாரோ தூக்கிக்கொண்டு நடப்பது போல, மெதுவாக. துணை வண்டியிலிருந்த பெண் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினார்.

பலடோனியாவில் அந்தத் தாத்தா எங்களைத் தேடி வந்து காபி வாங்கித் தந்தார். "காட் எ காப்பி" என்று நான் சொன்ன ஜோக் அவருக்குப் புரியவில்லை. விளக்குவதற்குள் காபி ஆறிவிட்டது.

அங்கே ரோட்ஹவுஸுக்குள் சின்ன அருங்காட்சியகம். 1979 ஜூலையில் நாசாவின் ஸ்கைலேப் விண்வெளி நிலையம் உடைந்து விழுந்தது இந்தப் பிரதேசத்தில்தான். எஸ்பெரன்ஸ் ஊராட்சி குப்பை போட்டதற்காக நாசாவுக்கு 400 டாலர் அபராதம் போட்டதும், அதை 2009-இல் ஒரு அமெரிக்க வானொலி அறிவிப்பாளர் நேயர்களிடம் வசூலித்துக் கட்டியதும் எனக்குப் பிடித்த கதை. அண்ணை நாளை எஸ்பெரன்ஸ்தான் போகிறார். மகள் குடும்பம் அங்கே விடுமுறைக்கு வந்திருக்கிறது.

நார்ஸ்மன் வந்தபோது இருட்டிவிட்டது. கடைசி நாற்பது கிலோமீட்டர் கங்காருவுக்குப் பயந்து ஒரு லாரியின் பின்னால், அவரிடம் சொல்லிவிட்டு, இடைவெளி விட்டு வந்தோம். வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் இரண்டு என்று அவர் சொல்லிக்கொண்டே போனார்.

நாள் 7: நார்ஸ்மன்

காலையில் பெட்ரோல் நிலையத்தில் பிரிந்தோம். அவருக்குத் தெற்கே 200 கிலோமீட்டர். எனக்கு வடக்கே கூல்கார்டி, பிறகு பெர்த், 720. இட்லிப் பொடியில் பாதியை அவருக்குக் கொடுத்தேன்.

ரேடியோவை அணைக்கவில்லை. ஊரைத் தாண்டியதும் சாமன் கம் மரங்கள், செம்புப் பாத்திரம் மாதிரித் தண்டு மின்னும் காடு. இலைகள் குடிக்கும் என்று தெரியும். எதிரெதிர்த் திசையில் இரண்டு வண்டியும் நூறில் போனால் இரண்டு நிமிடம் கூடத் தாங்காது.

"தம்பி, கேக்குதோ?"

"கேட்குது அண்ணை."

"கையுறையைப் பாத்துக்கொள்ளும். பாடாதேயும்."

"சரி."

இரைச்சல் ஏறியது. ஸ்குவெல்ச்சைத் திறந்தேன்.

"நீர் எழுதேக்க... அந்தத் தூரம்... பத்து எண்டு எழுதும், விளங்குதோ, பத்..."

அதன் பிறகு மழைச் சத்தம் மட்டும்.

9.2.